கால்களை மட்டும் பார்த்தவள்

படகுத் துறையில் அவளோடு நிற்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி வந்து ஒட்டும். பலகைச் சரிவில் நூறு இருநூறு பேர் ஒரே மூச்சில் இறங்குவார்கள். முகம் தெளியாத தூரத்திலேயே அவள் சொல்லிவிடுவாள்: "அந்தா, உங்க கிலாங் சூப்பர்வைசர் வர்றாரு. அவருக்குப் பின்னால நம்ம சயன்ஸ் டீச்சர்." கிட்டே வந்தால் எங்கள் தொழிற்சாலை சூப்பர்வைசரும் டீச்சருமேதான். நீங்களும் நானும் முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதுபோல அவள் நடையை வைத்துக் கண்டுபிடித்தாள். எதிரில் நின்று பேசுகிறவரின் கண்ணைப் பார்க்கவே மாட்டாள். அவர் எந்தக் காலில் பாரம் வைத்து நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். "தலை நிமிராத பொண்ணு, என்னா அடக்கம்" என்று என் அண்ணி நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.

நாங்கள் இரண்டு பெண்களும் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில், கீழே கடையும் மேலே வீடுமான ஒரே கடைவீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் அப்பா ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி, யாழ்ப்பாணத்துக் குடும்பம். என் அப்பா நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் போன பிறகு என்னைவிடப் பதினெட்டு வயது மூத்த அண்ணன்தான் என்னைத் தீவுக்குக் கூட்டிவந்து படிக்கவைத்தார். அண்ணன் தபால்காரர். பள்ளியில் ஐந்தாம் பாரம் வரை நானும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பிறகு நான் எலக்ட்ரானிக்ஸ் கிலாங்கில் சேர்ந்து, நாளெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டினேன். அவள் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போனாள்.

என்ன படிக்கிறாள் என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. டாக்டரா என்றால் இல்லை, டீச்சரா என்றாலும் இல்லை. மனிதன் எப்படி நினைக்கிறான் என்பது ஒரு படிப்பு. எப்படி நடக்கிறான், குனிகிறான், விழுகிறான் என்பது இன்னொரு படிப்பு. உளவியலையும் உடல் அசைவின் அறிவியலையும் சேர்த்து ஒரே பட்டம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "பைத்தியக்கார டாக்டர் பாதி, டிரில் மாஸ்டர் பாதி" என்று கீழே சாவி வெட்டுகிறவர் அவளுக்குப் பட்டமே கொடுத்துவிட்டார்.

முதல் விடுமுறையில் வந்தபோது அவளே எனக்கு விளக்கினாள். "காலையில ஒரு கட்டடம், மத்தியானம் ஒரு கட்டடம், நடுவுல பந்து விளையாடுற திடல். காலையில பாடம் நடத்துறவங்க, மனுசனுக்குக் கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி பேசுவாங்க. மத்தியானம் நடத்துறவங்களுக்குக் கழுத்துக்கு மேல ஒண்ணும் கிடையாது. அந்தத் திடலைத் தாண்டி ரெண்டு பக்கமும் போறது நாங்க ஏழு பேருதான் லா."

அந்தப் பெருமை அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் வயிறெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த விடுமுறையில்தான் அவளைப் பெண் பார்க்க ஈப்போவிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பேங்கில் வேலை. பலகாரம், தேநீர், எல்லாம் முறையாக நடந்துகொண்டிருந்தது. இவள் அவர் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் தாயாருக்கு அதில் பரம திருப்தி. திடீரென்று இவள் கேட்டாள்: "ஒரு தடவை வாசல் வரைக்கும் நடந்துட்டு வர்றீங்களா?"

"என்ன பிள்ளை இது? வந்த மனுசரை நடக்கச் சொல்லுறாய்" என்றார் அவள் அம்மா.

மாப்பிள்ளை பாவம், நடந்தார். "உங்க இடது கால் அரை அங்குலம் குட்டை" என்றாள் இவள். அவர்கள் மீதிப் பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போனார்கள். அன்று மாலை அவள் என்னிடம் வந்து நிஜமான வருத்தத்தோடு சொன்னாள்: "நான் வேணாம்னு சொல்லவே இல்லையே. செருப்புக்குள்ள ஒரு அட்டை வச்சா இடுப்பு வலி வராதுன்னு சொல்ல வந்தேன்." நான் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தேன். ஆனால் அவள் சொன்னது சரியென்று ஈப்போவிலிருந்து பிறகு செய்தி வந்தது. தெருவில் அவள் மதிப்பு ஏறியது. கால் வலி, முட்டி வலி என்று பத்துப் பேர் வந்தார்கள். பத்துப் பேரையும் நடக்கவிட்டுப் பார்த்தாள். பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் வருட விடுமுறைக்கு அவள் வந்தபோது தீவுக்கும் பட்டர்வொர்த் கரைக்கும் நடுவே கடலில் பாலத்துக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள். வந்த மூன்றாம் நாள் என்னிடம் கேட்டாள்: "உங்க அண்ணன் செருப்பு மாத்திட்டாரா?"

"இல்லையே. ஏன்?"

"மாடிப்படியில அவர் ஏறுற சத்தம் வேற மாதிரி இருக்கு. வலது கால் தேயுது."

எங்களுக்கு அது புதிய செய்தி அல்ல. ஆறு மாதமாகவே அண்ணன் வலது காலை இழுத்து நடந்தார். கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்து எலும்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். அதற்கு முந்தின வருடம் ஒரு லாரி உரசி அவர் சைக்கிளோடு விழுந்திருந்தார், அதுதான் காரணம் என்று நாங்கள் இருந்தோம். அண்ணன் ஜார்ஜ் டவுனில் நடந்தே தபால் கொடுப்பவர். சைக்கிளை முனையில் நிறுத்திவிட்டு கடைகளுக்கு முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் அஞ்சடி நடைபாதை வழியாக வரிசை வரிசையாகப் போவார். கால்தான் அவர் சோறு, அந்தச் சோற்றில்தான் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். கால் போனால் வேலை போகும். இது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்சந்தில் சாக்பீசால் கோடு போட்டு, கையில் ஸ்டாப்வாட்சும் நோட்டுமாக அவள் அண்ணனை நடக்கவிட்டாள். கால் இழுத்தது. எழுதிக்கொண்டாள். பிறகு, "அண்ணே, இப்ப வேற எதையாவது நெனச்சுக்கிட்டு நடங்க. உங்களுக்கு மனப்பாடமா இருக்கறது ஏதாச்சும்" என்றாள்.

அண்ணனுக்கு என்ன மனப்பாடம்? எங்கள் தெருதான். "முப்பத்தொம்போது, சாவி வெட்டுறவரு. நாப்பத்தொண்ணு, சீனத் தையல்காரரு. நாப்பத்துமூணு, பல் டாக்டர். நாப்பத்தஞ்சு, காலி வீடு, ஆனா லெட்டர் வரும். நாப்பத்தேழு, ஊதுபத்திக் கடை..." சொல்லிக்கொண்டே போனார். கால் நிமிர்ந்தது. தேயவே இல்லை. சந்தின் கடைசி வரை பழைய அண்ணன் நடந்து போனார். அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"பார்த்தியா?" என்றாள் அவள். அவ்வளவு மகிழ்ச்சியை அவளிடம் நான் பார்த்ததில்லை. "கால்ல வியாதி இருந்தா, கவனம் வேற பக்கம் போகறப்ப இன்னும் மோசமாகும். இங்க சரியாகுது. அப்படின்னா காலுக்கு ஒண்ணும் இல்ல. லாரி அடிச்ச பயம் மனசுல இருந்து காலைப் பிடிச்சு வச்சிருக்கு. பயத்தைச் சரி பண்ணிடலாம்."

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. நாளெல்லாம் நுணுக்கமாகப் பார்ப்பதுதானே என் வேலை. "நடக்கறப்ப வலது கை ஆடவே இல்லையே?" என்றேன்.

"இருபது வருசம் பை தூக்குன கை. வாரைப் பிடிச்சுப் பிடிச்சு அப்படியே பழகிப்போச்சு" என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

"மனசுன்னா நடிப்புன்னு அர்த்தம் இல்ல" என்று எங்கள் எல்லாரையும் உட்காரவைத்து இரண்டு தடவை சொன்னாள். அவள் சொன்னதில் குறை இல்லை, கேட்டவர்கள் நாங்கள். நம் ஆட்களிடம் ஒருவனுக்கு மனசில்தான் கோளாறு என்று சொன்னால் அதற்கு இரண்டே பொருள். ஒன்று பேய், இல்லை பாசாங்கு. அண்ணி அவரைச் சுங்கை பாக்காப்பில் ஒரு பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடித்துக் கொண்டுவந்தார். நான் படித்தவள் அல்லவா, பாசாங்கு என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் திரும்பப் போன பிறகு எங்கள் வீட்டில் அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. அண்ணன் காலை இழுத்தால் பிள்ளைகள், "நம்பர் சொல்லுங்கப்பா" என்று கத்துவார்கள். ஒரு நாள் மாலை அவர் மாடிப்படியின் கீழே நின்றுகொண்டு, "தங்கச்சி, கொஞ்சம் தண்ணி கொண்டாறியா, ஏற முடியல" என்றார். பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து நான் அப்போதுதான் வந்திருந்தேன். "நம்பர் சொல்லிட்டு ஏறுங்கண்ணே. சரியாப் போயிடும்" என்றேன். என்னைப் படிக்கவைத்த மனிதனிடம் சொன்னேன். அவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். அன்றிலிருந்து கால் வலி என்றோ, முடியவில்லை என்றோ அவர் வாயில் ஒரு சொல் வரவில்லை. நம்பரும் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து அவளிடமிருந்து நீல நிற ஏரோகிராம் வந்தது. எங்கள் தெருவும் அண்ணன் ஏரியாதான், அவரே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அதில் இருந்ததை இன்றைக்கும் என்னால் ஒப்பிக்க முடியும்.

"இன்று வகுப்பில் ஒரு படம் போட்டார்கள். மூளையில் ஒரு வியாதி, மெதுவாக உடம்பை இறுக்கிவிடும். அந்த நோயாளிகள் தாளத்துக்கு நடந்தால் நன்றாக நடக்கிறார்கள். தரையில் கோடு போட்டால் தாண்டி நடக்கிறார்கள். உன் அண்ணன் நம்பர் சொன்னாரே, அது கவனத்தைத் திருப்பவில்லை. தாளம் கொடுத்தது. நான் தலைகீழாகப் புரிந்துகொண்டேன். நீ கையைப் பற்றிக் கேட்டாய், நான் பையைக் காரணம் காட்டினேன். ஆசிரியரிடம் என் நோட்டைக் காட்டினேன். எல்லாம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: 'முகம் எப்படி இருந்தது? சிரித்தாரா?' எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவே இல்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் காட்டு. தயவுசெய்து காட்டு."

சிரித்தாரா என்ற இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். ஒரு வருடமாக அவர் சிரித்தே நாங்கள் பார்க்கவில்லை. அண்ணி அதை வேறு என்னென்னவோ என்று சந்தேகப்பட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணனிடம் சொன்னேன். பையை இறக்கி வைக்காமலே கேட்டார். "அப்ப மனசுன்னுச்சு அந்தப் பொண்ணு. இப்ப மூளைங்குது. ரெண்டுக்கும் படிச்சா ரெண்டும் சொல்லும் போல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி. நீங்கதான சொன்னீங்க."

நான் கெஞ்சினேன், அண்ணி அழுதார். அவள் மாதம் ஒரு கடிதம் எழுதினாள், ஒவ்வொன்றையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். அவர் அசையவில்லை. இரண்டு வருடம். நடிப்பு என்று பேர் வாங்கின மனிதர், நிஜமாகவே நடிக்க ஆரம்பித்திருந்தார், ஒன்றும் இல்லாதவர் மாதிரி. கடைசியில் ஒரு நாள் தபால் கொடுக்கப் போன அண்ணன், பல் டாக்டர் கடைவாசலில் குப்புற விழுந்து முன்பல் இரண்டு போயின. ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஐந்து நிமிடம்தான் பார்த்தார். கடிதத்தில் இருந்த அதே வியாதி. முன்னாலேயே வந்திருந்தால் என்று நான் இழுத்தேன். "வியாதி வந்துதான் இருக்கும், அதை யாரும் நிறுத்த முடியாது. இந்த ரெண்டு வருசம் கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும்" என்றார் அவர். அந்த இரண்டு வருடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இதுவரை தெரியவில்லை.

பட்டம் வாங்கிக்கொண்டு, அங்கேயே சில வருடம் வேலை பார்த்துவிட்டு, அவள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பினாங்குக்கு வந்தாள். பாலம் வந்து பழகிப்போயிருந்தது. இரண்டு படிப்புக்கும் சேர்த்து இங்கே ஒரு வேலையும் இல்லை. ஒரு முதியோர் இல்லத்தில் பகுதி நேரமாகப் போனாள். கால் வலிக்காரர்கள் பழையபடி வந்தார்கள். நடக்கச் சொல்வாள், பார்ப்பாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். "என்னா ம்மா இது?" என்று கேட்டால், "எனக்குத் தெரியலை. டாக்டரிட்ட காட்டுங்க" என்பாள். சாதாரணச் சுளுக்குக்கும் அதே பதில். இதற்கா அவ்வளவு தூரம் போய்ப் படித்தாள் என்று தெரு சிரித்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு நாள் ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தேன். "சறுக்கினது யானை இல்ல, அண்ணன்" என்றாள்.

அண்ணனை மட்டும் தினமும் வந்து பார்த்தாள். அதற்குள் மாடி ஏற முடியாமல் அவரைக் கீழே பின்னறைக்கு மாற்றியிருந்தோம். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நடப்பார். அது இறங்கினால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், மேல்உடம்பு மட்டும் முன்னால் போகப் பார்க்கும். அவள் சிவப்பு டேப்பை வெட்டி, கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் தரையில் குறுக்குக் கோடுகளாக ஒட்டினாள். அண்ணன் ஒவ்வொரு கோடாகத் தாண்டிப் போனார். வாசலுக்கு வெளியே டேப் தேவைப்படவில்லை. எங்கள் தெருவில் ஒவ்வொரு கடைக்காரரும் தன் அஞ்சடியில் தன் இஷ்டத்துக்குப் பூப்போட்ட தரைக்கல் பதித்திருந்தார். அந்தக் கட்டங்களே அவருக்குக் கோடு. நாங்கள் பிறந்ததிலிருந்து மிதித்த தரையின் உபயோகத்தை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஒரு தடவையும் அவள் நம்பர் சொல்லச் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டாள்.

ஒரு நாள் காலை ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கத் தவணை. தெருவில் காய்கறிப் பாசார் கூடியிருந்ததால் என் காடி, சின்னக் கார்தான், உள்ளே வர முடியவில்லை. பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தேன். அண்ணனுக்கு இடப்பக்கம் அவள், பின்னால் நான். சாவி வெட்டுகிறவர் வாசல், தையல்காரர் வாசல், பல் டாக்டர் வாசல், பூவுக்குப் பூ கால் வைத்து அழகாகவே வந்தார். நாற்பத்தைந்தாம் எண் வந்ததும் நின்றுவிட்டார். காலி வீட்டை யாரோ வாங்கியிருந்தார்கள். போன வாரம் பழைய தரையைப் பெயர்த்துவிட்டு முழுக்கச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சாம்பல் நிறத்தில் மொழுமொழுவென்று, ஒரு கோடு இல்லை.

கால் நடுங்கியது, எழவில்லை. பின்னால் காய்கறிப் பை வைத்திருந்தவர்கள் நெருக்கினார்கள். அவள் கைப்பையில் டேப்பைத் தேடினாள். இல்லை. கொஞ்ச நேரம் அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்ல, தரையைப் பார்த்தே சொன்னாள்: "நாப்பத்தஞ்சு, காலி வீடு, ஆனா லெட்டர் வரும்."

அண்ணன் கால் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"நாப்பத்தேழு, ஊதுபத்திக் கடை. நாப்பத்தொம்போது, காப்பிக்கடை."

"நாப்பத்தொம்போது படத்துக்குச் சட்டம் போடுறவரு" என்றார் அண்ணன். குரல் அப்போதே தேய்ந்து காற்றாகியிருந்தது. "காப்பிக்கடை அம்பத்தொண்ணு." வலது கால் எழுந்தது.

பிறகு அவரே சொன்னார். அம்பத்துமூணு, அம்பத்தஞ்சு, ஆள் மாறிய கடைகளுக்குப் பழைய பெயரையே சொல்லிக்கொண்டு, சிமெண்டைத் தாண்டி, பூத்தரையைத் தாண்டி, வேகமாகக்கூட நடந்தார். நான் பின்னால் அழுதுகொண்டு வந்தேன். மன்னித்துவிட்டார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். "அறுவத்தேழு, சைக்கிள் கடை" என்றதும் தெரு முடிந்தது. முன்னால் பெரிய ரோடு, வெறும் தார். அவர் நின்றார்.

"அடுத்தது சொல்லுங்கண்ணே" என்றாள் அவள்.

"அதுக்கப்புறம் என் ஏரியா இல்லம்மா."

அவள் முதல்முறையாகத் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அதில் கோபமா, பயமா, எங்கள்மேல் வருத்தமா என்று கண்டுபிடிக்க எதுவுமே இல்லை. வியாதி எல்லாவற்றையும் வழித்துவிட்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், இருபது அடி தூரத்தில், என் காடி நின்றுகொண்டிருந்தது.